நுப்ஸ்

வில்யாண்டிப் பேருந்து நிறுத்தம். மைனஸ் பதினெட்டு.
லீவி ஒரு கையுறையைப் பல்லால் உருவி
"வந்துகொண்டே இருக்கிறேன்" என்று அடிக்கப் போனாள்.
விறைத்த கட்டைவிரல்
"நுப்ஸ்" என்று அடித்து
அனுப்பியும் விட்டது.

நுப்ஸ்னா என்னடி, என்று அக்கா.

கையுறையைக் கழற்றியதும்
சொல்ல வந்தது மறந்துபோகுமே, அது.
வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

வியாழனுக்குள் டாலின் வரை போயிற்று.
நுப்ஸினேன். நுப்ஸித் தொலைக்காதே.
பெருநுப்ஸ்:
பழைய காதலன் எதிரே வரும்போது மட்டும்.
பழைய மீனவச் சொல் அது என்று
ஒருவர் ஆதாரத்தோடு நிறுவினார்.
ஒரு வங்கி விளம்பரப் பலகையில் போட்டது;
அன்று மாலையே பள்ளிப் பிள்ளைகள்
கைகழுவிவிட்டார்கள்.
சொல்லுக்கு வயது பதினோரு நாள்.

மருந்துக்கடையில் லீவி
சீட்டை எங்கோ வைத்துவிட்டுத் திணறி
"நுப்ஸ்" என்றாள், கொஞ்சம் கூச்சத்தோடு.
மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த தாவெட்
நிமிராமலே திருத்தினார்:
அதுக்கெல்லாம் சொல்லக் கூடாதும்மா.
கையுறை இருக்கணும்.

பையைத் துழாவினாள்.
இருந்தது,
ஒன்று.