நூற்றில் நான்கு

ஐம்பது என்று போட்டேன்.
யோசித்துப் போட்டதில்லை,
சட்டைப் பொத்தான் போடுவதுபோல் கை தானாகப் போட்டது.
நான்கு அடுக்கு போர்டு.
மேல் செம்புக்கும் அடியிலிருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே
புள்ளி இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியிழை.
கோட்டின் அகலம் புள்ளி மூன்று ஏழு என்றது மென்பொருள்.
சரி என்றேன்.
ஷார்ஜா அலுவலகத்தில் அன்று லிஃப்ட் ஓடவில்லை;
அந்த நாளைப் பற்றி எனக்கு ஞாபகமிருப்பது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து
சொகார் துறைமுகத்திலிருந்து மாசின் ஒரு படம் அனுப்பினார்.
"என்னிடம் இருப்பது ஆறு கிரேன்.
உங்கள் பெட்டி பன்னிரண்டு காட்டுகிறது.
மற்ற ஆறுக்கும் வாடகையை யாரிடம் வாங்குவது?"

ஒவ்வொரு கிரேனுக்கும் வலப்பக்கம்
இன்னொரு கிரேன், மங்கலாக,
ஈரத்துணி போட்டுத் துடைத்தும் போகாத
சாக்பீஸ் எழுத்தாய்.

வெள்ளிக்கிழமை. ஷாநவாஸ் வண்டி ஓட்டினான்.
கத்மத் மலாஹா சாவடியில்
ஆசிலாஸ்கோப்பைப் பிரித்து வைத்து, இது என்ன என்றார்கள்.
வயருக்குள் பார்க்கிற கருவி என்றேன்.
வயருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல்
விட்டுவிட்டார்கள்.

கான்கிரீட் மூடியை நாலு பேர் நகர்த்தினார்கள்.
உப்பும் மணலும் அப்பிய கறுப்புக் கேபிள்,
நான் கல்லூரிக்குள் நுழையும் முன்பே புதைத்தது.
கட்டைவிரலால் தேய்த்தேன்.
எழுபத்தைந்து.

ஐம்பது கெட்ட எண் அல்ல.
முப்பதை ஒட்டிப் போனால் அதிகம் சுமக்கலாம்,
எழுபத்தேழை ஒட்டிப் போனால் குறைவாய் இழக்கலாம்,
நடுவில் கைகுலுக்கி முடித்த பேரம் அது.
இந்தக் கேபிள் அந்தப் பேரத்துக்கு வரவில்லை.

எழுபத்தைந்தில் வந்த அலையில்
ஐந்தில் ஒரு பங்கை என் ஐம்பது திருப்பி அனுப்பியது.
திரும்பியது இருநூறு மீட்டர் போய்
மறுமுனையில் பார்த்ததும் என் போர்டைத்தான்.
அங்கும் ஐம்பது.
ஐந்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று,
நூற்றில் நான்கு,
இரண்டு மைக்ரோநொடி தாமதமாக மறுபடி வந்தது.
திரையில் அதற்குக் கிரேன் என்று பெயர்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
கோட்டின் மேல் பழி இல்லை.
மூன்று சென்டிமீட்டர் கோடு
அந்த மெதுவான அலைக்கு இருப்பதே தெரியாது.
கோட்டுக்கு ஐம்பது என்றதால்
அதன் கடைசியில் வைத்த ரெசிஸ்டருக்கும் ஐம்பது என்றேனே,
அங்கேதான்.

எடுத்தேன். எழுபத்தைந்தை வைத்தேன், இரண்டு முனையிலும்.
நெற்றி வியர்வை சால்டரிங் முனையில் விழுந்து சீறியது.

இரவுக் காவலுக்கு வந்த தேக் பகதூர்
திரையின் முன் வெகுநேரம் நின்றார்.
"அந்தப் பக்கத்து கிரேன்கள் எங்கே?"
கப்பல் வராத இரவுகளில் அவற்றையும் எண்ணுவாராம்.
ஆறுதான் இருக்கிறது என்றேன்.
அவர் மறுபடி எண்ணினார்.

அடுத்த கேமராக்கள் வேகமானவை.
இந்த முறை மூன்று சென்டிமீட்டரும் கணக்கில் வரும்.
எழுபத்தைந்து என்றால் கோடு மெலியும்,
மெலிந்தால் அமிலம் ஓரத்தைக் கடிக்கும்;
இரண்டாம் அடுக்கில் கிரவுண்டை வெட்டி எடுத்து
கோட்டை மூன்றாம் அடுக்கைப் பார்க்கச் செய்தால்
மறுபடி சதை பிடிக்கும்.
எல்லாம் தெரிகிறது.
இம்பீடன்ஸ் என்ற கட்டத்தில் மட்டும் கர்சர் துடிக்கிறது.

மாசினைக் கூப்பிட்டேன்:
புது கேபிளா, பழையதேவா?
"மூடியைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.
நாலு பேர் வேண்டும்."

இரண்டு நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.