பென்சிலில் எழுதிய மணிநேரம்

வாரத்துக்கு இருபத்தொரு மணிநேரம்.
ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு உழைப்பு.
குறைந்தால் கேள்வி வரும்.
பேரேடு என் கையில்.
செர்ரோ போகும் பேருந்தில் டிக்கெட் கிழிப்பவள்,
சில்லறையில் ஏமாற்றாதவள் என்று
கூட்டம் கூடித் தந்த வேலை.

செங்கல் அடுக்கியது, கலவை குழைத்தது,
லாரியில் வந்ததை இறக்கியது, இரவுக் காவல்:
நான்கு கட்டம்.
எல்லாம் அதற்குள் அடங்கியது,
சூல்மா வரும்வரை.

மொந்தேவிடியோவில் ஜூலை என்றால் குளிர்.
தெற்கிலிருந்து வரும் காற்று
கலவையை இறுகவிடாது,
விரல்களை இறுக்கிவிடும்.
அப்படியொரு சனிக்கிழமை
கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எடிலியோவைக் குளிப்பாட்டினேன், இரண்டு மணி.
ஓல்காவின் இரட்டைப் பிள்ளைகளுக்கு
ஊட்டித் தூங்கவைத்தேன், மூன்று.
எழுது."
எந்தக் கட்டத்தில்?
"அது உன் பாடு."

குழாய் வேலை யமந்தூ
மாத்தே உறிஞ்சியபடியே சிரித்தான்:
"உட்கார்ந்திருந்ததில் எந்தச் சுவர் எழும்பியது?"
சூல்மா பதில் சொல்லவில்லை.
சாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.
அங்கே எடிலியோவின் மனைவி நெலிதா
ஒன்பதாம் வரிசைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள்,
பக்கத்தில் ஓல்கா.

பென்சிலில் எழுதினேன்.
அழிக்க வசதியாக.

வரைபடத்தோடு லெயோனோர் வந்த நாளில்
பெரிதாகச் சண்டை இருக்காது என்று நினைத்தோம்.
இங்கே சூரியன் வடக்கே நடக்கிறது,
ஆகவே சன்னல்கள் வடக்கே. சரி.
கூரைத் தண்ணீர் தொட்டிக்கு. சரி.
இருபத்துநான்கு வீட்டுக்கு
நான்கே நான்கு துணி துவைக்கும் இயந்திரம்.
முணுமுணுத்து, சரி.
அப்புறம் சொன்னாள்:
வீட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் விட்டுக்கொடுத்தால்
நடுவில் ஒரு பொது அறை.
நோயாளிக்குக் கட்டில், பிள்ளைகளுக்குத் தொட்டில்,
சக்கர நாற்காலி திரும்பும் குளியலறை.

என் அலமாரியை எங்கே வைப்பேன் என்றது ஒரு குரல்.
குரல் என்னுடையதுதான்.
பதினொரு வருடம் வாடகை அறையில்
திரைச்சீலையைச் சுவர் என்று சொல்லி வாழ்ந்தவள் நான்.
இரண்டு மீட்டர் எனக்குச் சின்ன விஷயமில்லை.
பதின்மூன்றுக்குப் பதினொன்றில் தீர்மானம் நிறைவேறியது.
நான் பதினொன்றில் ஒருத்தி.

தரையில் சாக்பீஸ் கோடு.
நாற்காலி இல்லை, சிமெண்ட் தள்ளுவண்டி இருந்தது.
எடிலியோவைத் தூக்கி அதில் உட்காரவைத்தோம்.
யமந்தூ தள்ளினான்.
வாசல் என்று வரைந்த இடத்தில்
முட்டி கோட்டைத் தாண்டியது.
"இன்னும் ஒரு சாண்," என்றான் எடிலியோ,
நிலம் அளக்கவந்த தாசில்தார் தோரணையில்.
எல்லோரும் சிரித்தோம், கோடு நகர்ந்தது.
அந்த ஒரு சாணுக்காகப்
பின்னால் நாற்பது செங்கல் உடைத்தோம்.

பேரேட்டில் ஐந்தாவது கட்டம் போட்டேன்.
தலைப்புக்கு ஆளுக்கொரு வார்த்தை:
உதவி, கருணை, ஒத்தாசை.
சூல்மாவிடம் கேட்டேன்.
"வேலை," என்றாள்,
பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டே.

யாருக்கு எந்த வீடு என்று
கடைசிவரை தெரியாது.
தெரிந்தால் தன் சுவருக்கு மட்டும்
தூக்குக்குண்டு பிடிப்பான் மனிதன்.
தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தோம்.
எனக்குப் பதினேழு.
பின்சுவர், மூன்றாம் வரிசை,
இரட்டை ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில்
யாரோ கோணலாக வைத்த செங்கற்கள்.
யாரோ அல்ல.
பூச்சு மூடிவிட்டது,
எனக்கு இடம் தெரியும்.

இன்றிரவும் மழை.
பொது அறையில் விளக்கு எரிகிறது.
எடிலியோவுக்கு நெஞ்சுச் சளி,
நெலிதா தூங்கட்டும் என்று முறை வைத்திருக்கிறோம்.
இன்று யார் என்று
பேரேட்டைத் திறக்காமலே சொல்வேன்:
யமந்தூ.
சன்னலில் அவன் முதுகு தெரிகிறது.
உட்கார்ந்திருக்கிறான்.

விடிந்ததும் அவனைக் கூப்பிட வேண்டும்.
மூன்றாம் வரிசையில் ஈரம் கசிகிறது.