ஜாபிர், இடது கை

புத்தூரில் கட்டுக்கு வரிசை. நாற்பத்தோராவது ஆள் நான்.
நகரி தாண்டிய வளைவில் கவிழ்ந்த மினிலாரியும்
தார்ச்சாலை முழுக்க உருண்ட பங்கனப்பள்ளியும்
இன்னும் முழங்கைக்குள் உருண்டுகொண்டிருக்கின்றன.

"பேரு ஏமி?" என்றார் சீட்டு எழுதுகிறவர்.
ஜாபிர்.
ஜாகீர் என்று எழுதினார். விட்டுவிட்டேன்.

முறிந்த எலும்பைக் கூட்டுகிறவன் என்று
அரபியில் அதற்குப் பொருள்.
இந்த வாசலில் நின்று அதைச் சொல்ல முடியுமா?

கூஃபாவில் ஒரு ஜாபிர் அமிலம் காய்ச்சினாராம்,
உலோகத்தின் பிறவியை மாற்றப் பார்த்தாராம்.
அதைக் கேட்டுவிட்டு எட்டாம் வகுப்பில்
பேட்டரித் தண்ணீரால் சட்டையைப் பொத்தலாக்கினேன்.

எனக்கு நெருக்கம் மதீனாக்காரர்தான்.
உஹதுப் போரில் மாண்ட தகப்பன் விட்டுப்போன கடன்,
கரையேற்ற வேண்டிய சகோதரிகள்,
களத்தில் கொஞ்சம் பேரீச்சம்பழம்.
நபி வந்து அமர்ந்த குவியல்
அளந்து கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லையாம்.

என் குவியலை
பின்னால் வந்த மணல் லாரிகள் அரைத்துப் போயின.
பள்ளிப்பட்டு பைனான்ஸ்காரன்
விடிந்ததிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டான்.

கிழவயதில் அவருக்குப் பார்வை போனது.
கர்பலாவுக்கு நடந்து போய்,
"கப்ரின் மேல் என் கையை எடுத்து வை" என்றாராம்
கூட வந்தவரிடம்.

முட்டை வெள்ளை, பச்சிலை, மூங்கில் பத்தை.
கட்டுகிறவர் எங்கோ பார்த்தபடி
விரலால் எலும்பைத் தேடுகிறார்.
நின்ற இடத்தில் ஒரு சொடுக்கு.
உயிர் நகரி வரைக்கும் போய்த் திரும்பியது.

மறுபடி போன்.
வலது கைக்கு ஒன்றுமில்லை,
எடுக்கலாம்.