இரண்டு மணிக்கொருதரம்

பத்து மணிக்கு இடப்பக்கம்.
பன்னிரண்டுக்கு வலம்.
இரண்டுக்குத் திரும்ப இடம்.
நாலுக்கு மல்லாக்க, குதிக்கால் மெத்தையில் முட்டாமல்
கெண்டைக்குக் கீழே மடித்த சாரம்.
விடிய ஆறுக்கு இன்னொருதரம்.
எனக்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான்.

ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போகிற வீதியில்
மதகு தாண்டினால் தெரியும்,
முன்சுவரில் மூன்று நாட்டுக் கொடி பதித்த வீடு.
உள்ளே எட்டுப்பேர்.
ஏழுபேருக்கு முள்ளந்தண்டில் ஆளுக்கொரு திகதி.
எட்டாமவர் தேவசகாயம், பாலைப்பழம் பிடுங்க ஏறி விழுந்தவர்,
சண்டை முடிந்து ஆறு வருடத்துக்குப் பிறகு.
அவருக்கு ஒரு படிவமும் பொருந்துவதில்லை.
மற்ற ஏழுபேரின் காசில்தான்
அவருக்கும் பஞ்சு, பை, குழாய்.

புதன்கிழமை திட்ட அலுவலர் வந்தார்.
நல்ல பொடியன். சப்பாத்தை வாசலில் கழற்றினான்.
"மதில் கட்டலாம் அக்கா, அதுக்கு ஒதுக்கீடு இருக்கு.
கூரைக்குச் சூரியத்தகடு பூட்டலாம்.
சம்பளத்துக்குத்தான் வழியில்லை.
அது மீண்டெழும் செலவு."

எழும்ப ஏலாத எட்டுப்பேரைப் புரட்டிவிடும் கூலிக்கு
கந்தோர்த் தமிழ் வைத்திருக்கிற பெயரைக் கேட்டு
நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

படிவம் மேசையில் கிடக்கிறது.
கேள்வி பதினொன்று:
பயனாளிகள் எத்தனை மாதங்களில்
தங்கள் சொந்தக் காலில் நிற்பார்கள்?
யூட் வாசித்துவிட்டு
கட்டில் கம்பி ஆடுகிற அளவுக்குச் சிரித்தான்.
"கால் இருக்கு எண்டு எழுதுங்கோ.
சொந்தமோ எண்டுதான் விசாரிச்சுக்கொண்டிருக்கிறம்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.
கேதீஸ் மட்டும் சுவரைப் பார்த்துக் கிடந்தான்.
போன வருடம் இப்படியொரு படிவத்தின் பேச்சைக் கேட்டு
தமையன் வந்து விசுவமடுவுக்குக் கூட்டிப்போனான்.
வாசலில் சரிவு கட்டி, மின்விசிறி வாங்கி,
மீன்குழம்பில் முள் எடுத்துக் கொடுத்து வைத்திருந்தார்கள்.
ஐந்தாவது கிழமை திரும்பி வந்தபோது
இடுப்புக்குக் கீழே என் கைமுட்டி போகிற அளவு புண்.
தமையன் பெண்சாதி என் காலடியில் இருந்து அழுதாள்.
"ராவிலை எழும்பேலாமப் போச்சு அக்கா."
பகல் முழுக்கக் கச்சான் பிடுங்கிய உடம்பு,
பால்குடி மாறாத பிள்ளை வேறு.
அவளை என்ன சொல்ல?

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
எட்டுப்பேர், ஐந்துதரம், நாற்பது புரட்டல்.
என் கூலி ஆயிரத்து முந்நூறு.
ஒரு புரட்டலுக்கு
முப்பத்திரண்டு ரூபா ஐம்பது சதம்.
ஒரு பணிஸ் வாங்கக் காணாது.
அதுவும் பங்குனி மாதத்தோடு நிற்கிறது.

காசு வராமலில்லை.
ரொறன்ரோவில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால்
இங்கே மத்தியானம் ஆட்டிறைச்சி, பாயாசம்.
கதிரைகளை வரிசையாய் வைத்துப்
படம் எடுத்து அனுப்ப வேண்டும்.
மதியத்துக்கு இந்த மாதம் நாலுபேர் பிறந்திருக்கிறார்கள்.
நடுச்சாமம் இரண்டு மணிக்கு
அந்த நாடுகளில் ஒருவரும் பிறப்பதில்லைப் போலும்.

என்னோடு இரவுக்கு நின்ற ஞானாம்பிகையை
போன மாதம் நிறுத்திவிட்டார்கள்.
இப்போது தேவசகாயத்தைப் புரட்ட
பக்கத்துக் கட்டிலிலிருந்து யூட்டின் கை வருகிறது.
படுக்கை விரிப்பின் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
அவன் இழுக்க, நான் இடுப்பைத் தள்ள,
நித்திரைக்குள்ளேயே தேவசகாயம் எண்ணுகிறார்:
ஒண்டு, ரெண்டு.
மூன்றுக்கு முகம் மறுபக்கம்.
அவர் எடை நாற்பத்தெட்டுக் கிலோ என்று
கோப்பில் இருக்கிறது. பொய்.

குளக்கட்டுப் பக்கம் யானைவெடி ஒன்று போகிறது.
ஆரோ சோளத்துக்குக் காவல்.
அந்த வெளிச்சத்தில் படிவத்தை எடுத்து
பேனாவைத் திறந்து
கேள்வி பதினொன்றில் வைத்தேன்.

மணி ஒன்று ஐம்பது.
மூடி வைத்துவிட்டு
சுடுதண்ணிக்குப் போனேன்.