துணை இல்லாமல் திறக்காது

சத்துவாச்சாரி பைபாஸில்
பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே என் ஷெட்.
கத்திரி வெயிலின் ஒன்பதாம் நாள்
ஆம்பூரிலிருந்து வந்தான் இர்ஃபானுல்லா,
தோல் நெடியும் அத்தரும் கலந்து வீசும் வெள்ளைக் காரில்.

கம்பெனி இன்ஜின். பிஸ்டன் மாற்றவில்லை, ராடு மாற்றவில்லை,
ஹெட்டைத் திறந்தவன் எவனுமில்லை.
போன வருஷம் நான் மாட்டிய சூப்பர்சார்ஜர்
பெல்ட்டில் சுற்றி
ஆறு பவுண்டு காற்றைத் திணித்துக்கொண்டிருக்கிறது.
போதவில்லையாம்.
"நைட்ரஸும் போட்டுடு வாத்யாரே. நூறு குதிரை."

நூறா.
உள்ளே ராடு என்ன தடிமன் தெரியுமா என்று
சுண்டுவிரலை நீட்டினேன்.
அவன் மோதிரத்தைப் பார்த்தான்.

திணித்த காற்று சுடும்.
சுட்ட காற்றில் பெட்ரோல்
பொறி வருமுன்னே வெடிக்கும்,
இலை போடுமுன் பந்தியில் உட்காருகிறவன் மாதிரி.
நைட்ரஸ் பனிபோல் இறங்கி அந்தச் சூட்டைத் தணிக்கும்.
இரண்டுக்கும் ஒத்துப்போகும் என்பார்கள்.
ஒத்துத்தான் போகிறது.
ஒத்துப்போன இருவரும் சேர்ந்து மிதிப்பது
ஒரே பிஸ்டனின் தலையை.

பின்சீட்டிலிருந்து இறங்கினாள் ஜுவேரியா, அவன் மனைவி.
ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன்.
நைட் டியூட்டி முடிந்த கண்கள்.
நீல சிலிண்டரைத் தட்டினாள்,
உடன் வேலை செய்கிறவர் தோளைத் தட்டுகிற மாதிரி.
"தினம் இதைத்தான் கொடுக்கிறேன்.
தனியா கொடுக்கறதில்ல, ஆக்சிஜன் கூடவே போகும்.
ஆக்சிஜன் பிரஷர் விழுந்தா
என் மெஷின் இதைத் தானே மூடிடும்.
உங்களுது?"

பதினெட்டு வருஷமாக
இன்னா வேகம், இன்னா ரேட்டு என்றே கேட்டவர்கள்.
ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
இங்கே கூடப் போகவேண்டியது பெட்ரோல், என்றேன்.
அது குறைந்தால்
வெள்ளைத் தீ. பிஸ்டனில் ஓட்டை.
பெட்ரோல் பிரஷர் விழுந்ததும் வாயுவை அறுக்க
ஒரு சுவிட்ச் உண்டு. முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்பார்கள்.
"போடுங்க" என்றாள்.

நூறு இருபத்தைந்தானது.
பொறியை இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்தேன்.
குளிர்ந்த ரகத்து பிளக்.
முழுசாய் மிதித்தால் மட்டும்,
மூவாயிரத்தைந்நூறு சுற்றுக்கு மேல், ஆறாயிரத்துக்குள்.
எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். இர்ஃபானுல்லா படிக்கவில்லை.

சிலிண்டரைச் சூடேற்ற ஊரூருக்குக் கம்பளி விற்கிறார்கள்.
நமக்கு எதற்கு? நம் ஊரில் டிக்கியே அடுப்பு.
மதியம் முள் ஆயிரத்து இருநூறைத் தொட்டது.
கோவர்த்தனன் ஈரச் சாக்கு போர்த்தி
மேலே சொம்புத் தண்ணீர் ஊற்றினான்,
சாமிக்கு ஊற்றுகிற மாதிரி, முணுமுணுத்துக்கொண்டு.

மறுநாள் விடிகாலை நாலரை.
ராணிப்பேட்டை பக்கம் அவன் சாச்சாவின்
மூடிக்கிடக்கிற டேனரிக்குள் நேர் சிமெண்ட் ரோடு.
மூன்றாம் கியர். மிதித்தான்.
முதுகை யாரோ பிடித்துத் தள்ளினார்கள்,
பழைய தொட்டிகள் பின்னால் ஓடின,
நாலாயிரம், நாலாயிரத்தைந்நூறு...
டக்.
சீறல் நின்றது. கார் மறுபடி வெறும் கார்.
"ஏமாத்திட்டே" என்று ஸ்டியரிங்கில் குத்தினான்.

ஷெட்டுக்கு வந்து ஃபில்டரைக் கழற்றி ஊதினேன்.
காவி நிறத்தில் வண்டல், ஒரு டம்ளர் அடியளவு.
எந்த பங்கின் அடிமண்ணோ.
பிளக்கின் முனை
ஊறவைத்த பிஸ்கட் நிறம். வெளுக்கவில்லை.
அவள் வாங்கிப் பார்த்தாள், திருப்பித் தந்தாள்.
"தெளிஞ்சிடுச்சு."
பில்லில் எல்லாவற்றையும்விடச் சின்னத் தொகை அந்த சுவிட்ச்.
அதை மட்டும் அவளே கொடுத்தாள்.

இர்ஃபானுல்லா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக:
"ஃபில்டர் மாத்திட்டா, அம்பது?"

சுண்டுவிரலை நீட்டினேன்.
ஜுவேரியா சிரித்தாள், கண்ணில் நீர் வர, நிறுத்தாமல்.
சிலிண்டர் வால்வைப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.
மூடித்தான் இருந்தது.