மூன்றாவது நட்

ஓதம் வற்றியிருந்தது, குவெயோன் கரையில்.
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தாள் என் படகு, தெர்கா.
பிடிவாதக்காரி என்று பொருள். பெயர் வைத்தது நானில்லை.
ஆறு மணி நேரம். அதற்குள் தண்ணீர் திரும்பிவிடும்.
தண்ணீருக்கு எவன் போல்ட் முறிந்தாலும் ஒன்றுதான்.

முறித்தது நான்.
தண்ணீர் பம்பின் நாலாவது போல்ட்.
மூன்று சொன்னபடி கேட்டதால்
நாலாவதும் கேட்கும் என்று நினைத்தேன்.
ரெஞ்சின் பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி
முழு உடம்பையும் தொங்கவிட்டேன்.
இளகுவது போல ஒரு சுகம் கைக்கு ஏறியது.
இளகவில்லை, முறுகிக்கொண்டிருந்தது.
பிறகு, டக்.

தலை என் கையில்.
உடல் உள்ளே, விளிம்போடு விளிம்பாய்,
நகம் பிடிக்கும் அளவுக்குக்கூட நீட்டிக்கொண்டில்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.
துளை போட்டேன்,
நடுவில் அல்ல, நடு என்று நான் நம்பிய இடத்தில்.
இடப்புரி எடுப்பானை இறக்கித் திருகினேன்.
முள்ளை முள்ளால் எடுப்பார்களாம்.
எடுக்கப்போன முள்ளும் உள்ளேயே ஒடிந்தால் என்ன செய்வது என்று
எவனும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.
டிரில் முனை அதன்மேல் வழுக்கி வழுக்கிக் கீச்சிட்டது.
போல்ட்டைவிடக் கடினமான ஒன்றை
நானே உள்ளே நட்டுவைத்திருந்தேன்.

மேட்டுத் தெருவில் ரொசால்பா நாஹுவெல்கினின் பட்டறை.
பதினோரு மாதமாக என்னோடு பேசாத மனைவி.

வந்தாள்.
பிக்கப்பின் பின்னால் வெல்டிங் எந்திரம்,
சேற்றில் நெடுக இழுபட்டு வந்தது கேபிள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை. துளையைப் பார்த்தாள்.
"எத்தனை எடுப்பான் ஒடித்தாய், எவரிஸ்தோ?"
"ஒன்று." கொஞ்சம் கழித்து, "இரண்டு."

உளியை எடுத்தாள். வார்ப்பிரும்பை விரலால் சுண்டிக் கேட்டாள்.
உளியை வைத்துவிட்டாள்.
எண்ணெய்க் குப்பியைத் தொடக்கூட இல்லை.
"ஊறுவதற்கு ஒரு ராத்திரி வேண்டும். உன்னிடம் ராத்திரி இல்லை."
பேட்டரி வயரைக் கழற்றினேனா என்று கேட்டாள்.
கழற்றியிருக்கவில்லை.

முறிந்த முனைமேல் ஒரு நட்டை உட்காரவைத்து
அதன் வயிற்றுக்குள் நெருப்பை ஊற்றினாள்.
ரெஞ்சு போட்டதும் நட் மட்டும் தனியே வந்தது.
இரண்டாவது கால் சுற்றுகூட நிற்கவில்லை.
மழை பிடித்துக்கொண்டது. நண்டு வலைக் கயிறுகள்
ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்கின.
"நம்மைப் போலவே இதுவும்..." என்று ஆரம்பித்தேன்.
"உவமை பேசாதே. விளக்கை ஆட்டாமல் பிடி."

மூன்றாவதற்கு ஒரு சுற்றுப் பெரிய நட்.
சிவப்பு சாம்பலாகும்வரை தொடவே இல்லை.
நான் பதறினேன், வாயைத் திறக்கவில்லை.
சான் பெத்ரோ படத்தின் முன்னாலிருந்த
மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, சூட்டோரம் வைத்தாள்.
மெழுகு உருகி, எங்கே போனதென்றே தெரியாமல்
மரைக்குள் இறங்கியது.

ரெஞ்சை முதலில் இறுக்கும் பக்கம் அழுத்தினாள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒரு முனகல்.
பிறகு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒன்று,
மறுபடி இந்தப் பக்கம்.
ஏழு வருஷத் துரு காப்பித்தூளாய் உதிர்ந்தது.
வெளியே வந்தது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
இதற்காகவா இவ்வளவு.

அடிமரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது.
புதுப் போல்ட்டின் மரையில்
செப்புப் பசையைத் தாராளமாய்த் தடவினாள்.
"எதற்கு இவ்வளவு?"
"அடுத்த முறை கழற்றுகிறவனுக்கு."
"அது நானாகத்தானே இருக்கும்."
"தெரியும்" என்றாள். "அதனால்தான் இவ்வளவு."

முப்பதாயிரம் பேசோ, எடுப்பான்களின் விலை தனி.
கேபிளைச் சுருட்டி முழங்கையில் மாட்டிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள்.
என் ஒரு மீட்டர் குழாயையும்
கேட்காமல் எடுத்துக்கொண்டு.