நூற்றுப் பத்தொன்பதாம் நாள்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் வந்தது புதுச் சேர்வர்.
கொழும்பில் தேயிலை இறக்கிய லொறி
வெறும் வயிறாய் மலையேறாமல்
அதைச் சுமந்துகொண்டு ஹட்டன் வந்தது.
பூட்டினோம். ஓடியது.
பதினோரு தோட்டத்து ஆபீஸ்களும்
இருந்த இடத்திலிருந்தே அதன் திரைக்குள் நுழைந்து
செக்ரோல் எழுதின.
யார் நீ, லைசன்ஸ் எங்கே என்று
அது ஒருவரையும் கேட்கவில்லை.
நூற்றிருபது நாள் கேட்காது என்று
மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் சொன்னது.
அதை மூடியவள் நான்தான்.
தினமும்.

பேர் பதியாமல் கைக்காசுக்கு ஆள் வைத்திருப்பதுபோல்
வைத்திருந்தேன் எல்லாரையும்.

நாளை பத்தாம் திகதி, சம்பளம்.
மழை. வீதிக்கு அப்பால்
பொலித்தீன் போர்த்திய வெசாக் கூடுகள்.
நாற்பது லைசன்ஸும் இன்னும் பழையதிடம்:
மேசைக்கடியில், சளி கட்டிய நெஞ்சோடு
இரைந்துகொண்டிருக்கிறது அது.
இணையத்தில் மாற்ற வழியில்லை,
அதற்கு வயது போய்விட்டதாம்.
போன் பண்ணச் சொன்னார்கள்.

நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு, எந்த ஊர் என்று சொல்லாத ஒரு குரல்.
காரணம்?
பழையதை மாற்றுகிறோம்.
பழையதிலிருந்து எடுத்துவிடுவீர்களா?
எடுத்துவிடுவோம்.
ஒரே ஆள் இரண்டு பெரட்டில் நிற்க முடியாது,
அது எங்களுக்கும் தெரியும்.

ஒரு காலத்தில் தோட்டம் மாறுகிற ஆளுக்குத்
துண்டு எழுதிக் கொடுப்பார்களாம்,
இவன் கடன் இவ்வளவு என்று.
துண்டில்லாதவனை அடுத்த துரை சேர்க்கமாட்டான்.
இதைக் குரலிடம் சொல்லவில்லை.
அதற்கு வேண்டியது
முப்பத்தைந்து எழுத்து.

பி, என்றேன். டீயா, என்றது.
பி. பண்டாரவளை பி.
கே, கொட்டகலை.
எச், ஹப்புத்தளை.
என், நானுஓயா. மறுபடியும் கே.
பஸ்மிலா டோர்ச் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
கொட்டகலையிலிருந்து ஒரே தாவலில் ஹப்புத்தளை,
பின்னால் வந்து நானுஓயா,
இந்த ரயிலில் யாரப்பா ஏறுவான்?
குரல் மட்டும் ஏறி உட்கார்ந்து
ஒவ்வொரு ஸ்டேஷனாய்த் திருப்பிச் சொன்னது,
கொட்டகலையைக் கோட்டகாலா என்று.

இடையில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டது.
அது என்ன சத்தம், பறவையா?
ஆமாம் என்றேன்.

பிறகு அவர்கள் தர, நான் எழுத:
இன்னொரு முப்பத்தைந்து,
சம்பளத் துண்டொன்றின் பின்பக்கத்தில்.
தட்டினேன். ஒன்று பிழை.
எட்டா பியா?
பண்டாரவளையா, எட்டா?
எட்டு.

நாற்பது.
புதியதில் நாற்பது என்று எழுந்தது எண்.
பழையதன் பட்டியலைக் கடைசியாய் ஒருமுறை திறந்தேன்.
மார்ச்சில் கட்டாருக்குப் போன மரியஜெசிந்தாவின் பேரில்
ஒன்று இன்னும் இருந்தது,
கீழ்ப்பிரிவு, காலாவதி ஆகாமல்.
எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.
எடுத்தேன்.

நிறுத்து என்றதும் நிற்கவில்லை பழையது.
மூன்று நிமிடம் எதையோ முடித்துக்கொண்டிருந்தது.
விசிறி ஓய்ந்ததும்
மழையின் சத்தம் ஆபீஸுக்குள் வந்தது.

காலை ஐந்து நாற்பது.
மேற்பிரிவிலிருந்து முதல் ஆள்,
கிளார்க் தேவசகாயம்.
இரண்டு பேரும் திரையையே பார்த்திருந்தோம்.

கடவுச்சொல் தவறு.

பஸ்மிலா போனை எடுத்தாள்:
அண்ணே, கேப்ஸ் லொக்.